மோரிஸ் மைனருக்கு வீட்டிலேயே பிரேக் வைத்தியம்

மோரிஸ் மைனர் காரில் பிரேக் ஆயில் எங்கே ஊற்றுவது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பானெட்டைத் திறந்துதான் தேடுவார்கள். அங்கே இருக்காது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்க வேண்டும். அடியில், தகரத் தரையில், திருகாணியால் பிடிக்கப்பட்ட சிறு மூடி ஒன்று தெரியும். அதை எடுத்தால் ஷாஸிச் சட்டத்துக்குள் பதுங்கியிருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தலை கண்ணில் படும். அதைச் சுற்றி பல வருடத்து மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடக்கும். துடைக்காமல் திறந்தால் அந்த மண் நேராக ஆயிலுக்குள் விழும். எட்டாத இடத்தில் இருப்பதாலேயே அந்தச் சிலிண்டரை ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிறகு ஒருநாள், "பழைய கார்தானே, பிரேக் இவ்வளவுதான் பிடிக்கும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. பழைய கார் வைத்திருப்பவர்கள் டிஸ்க் பிரேக் மாற்றுவது பற்றியும் காலின் பலத்தைப் பெருக்கும் சர்வோ போடுவது பற்றியும் ஆர்வமாகப் பேசுகிறார்கள். ஆனால் தொழிற்சாலை கொடுத்த பிரேக் முழுப் பலத்தோடு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதை அவர்களில் பலர் ஒருமுறைகூடக் காலில் உணர்ந்ததில்லை. முதலில் அதை மீட்டெடுக்க வேண்டும். மேம்பாடு அதற்குப் பிறகுதான்.

மைனரை உதாரணமாக எடுத்துக்கொள்ள வலுவான காரணம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. பிரிட்டனில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் காரும் இதுதான். 1971-ல் உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. இலங்கையில் இது இன்றும் வீட்டுக் கார். போர்க் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோலும் உதிரிபாகங்களும் வருவது தடைபட்டபோது, ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மோரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடி அந்த மக்களைச் சுமந்தன. பிரிட்டனில் ஓடும் மைனர்களுக்கான உடல் தகடுகளை இலங்கையில் செய்து அனுப்பிய காலமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காரின் பிரேக் அமைப்பு எளிமையானது. ஒரு மனிதர், ஒரு உதவியாள், சில ஸ்பேனர்கள் இருந்தால் வீட்டு முற்றத்தில் வைத்தே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும்.

பிரேக் செய்யும் வேலை, ஓட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றுவது. அவ்வளவுதான். நான்கு பேர் ஏறிய மைனரின் எடை சுமார் 1,000 கிலோ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதைப் பிடித்து நிறுத்தினால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜூல் வெப்பம் டிரம்களுக்குள் இறங்குகிறது. முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். ஒரு பிரேக்கில், சில நொடிகளில், இவ்வளவு. வேகம் பாதியாக, 40 கி.மீ. ஆகக் குறைந்தால் வெப்பம் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும். பழைய காரை நிதானமாக ஓட்டச் சொல்லும் பெரியவர்களின் பேச்சில் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதை இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். அதே 1,000 கிலோ கார் அந்த உயரம் முழுவதையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், 80 கி.மீ. வேகத்திலிருந்து 75 முறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பத்தை அந்த நான்கு டிரம்களும் தாங்க வேண்டியிருக்கும். தாங்காது. காற்றும் டயரும் என்ஜினும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதால்தான் கார் பத்திரமாக இறங்குகிறது. அந்த என்ஜின் பங்கைக் கூட்டுவதற்காகத்தான் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்கிறார்கள்.

இனி டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஷூக்கள், ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி சிலிண்டர். இரண்டு ஷூக்களும் சக்கரம் சுழலும் திசையை நோக்கித் தலை வைத்திருப்பதால், டிரம்மைத் தொட்டதும் சுழற்சியே அவற்றை உள்ளே இழுத்து மேலும் இறுக்கும். காலால் கொடுத்த பலத்தைச் சக்கரமே பெருக்கிக் கொடுக்கிறது. சர்வோ இல்லாமலேயே இந்த டிரம்கள் ஒரு காலத்தில் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் கார் பின்னோக்கி உருளும்போது இந்த உதவி தலைகீழாகிவிடும். ஏற்றத்தில் நிற்கும் மைனர் பின்னால் நழுவினால் பெடலை வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருப்பது பழுதால் அல்ல, அமைப்பே அப்படி. பின்சக்கரங்களில் ஆளுக்கொரு சிலிண்டர். ஆக மொத்தம் ஆறு வீல் சிலிண்டர்கள், ஒரு மாஸ்டர் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ்கள்.

டிரம்மின் பலவீனம் வெப்பத்தில் இருக்கிறது. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேலுள்ள லைனிங்கின் உராய்வும் குறையும். மெக்கானிக்குகள் 'பிரேக் ஃபேட்' என்று சொல்வது இதைத்தான். மழைநீர் தேங்கிய சாலையைக் கடந்ததும் முதல் மிதியில் பிரேக் பிடிக்காமல் போவது டிரம்மின் இன்னொரு குணம். லேசாகப் பிரேக்கில் கால் வைத்துச் சிறிது தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட வேண்டும். ஆளில்லாத, காய்ந்த, சமமான இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்குகின்றனவா? வழுக்கினால், ஒரு தடவை நிறுத்துவதற்குத் தேவையான பலம் அந்த பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க்கைப் போட்டாலும் கார் அதைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கப் போவதில்லை. அந்த எல்லையை முடிவு செய்வது டயர். பத்துப் பன்னிரண்டு வருடமாகி ரப்பர் கல்லாக இறுகிவிட்ட டயரை வைத்துக்கொண்டு பிரேக்குக்குச் செலவு செய்வது வீண். மைனரின் 14 அங்குல ரிம்முக்கு நல்ல ரேடியல் டயர் நான்கு வாங்கிப் போடுவது, பட்டியலில் முதலிடத்தில் வர வேண்டிய 'பிரேக் மேம்பாடு'.

சக்கரங்கள் பூட்டவே இல்லை, அல்லது ஒரு சக்கரம் மட்டும் பூட்டுகிறது, அல்லது கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பழுது உள்ளே இருக்கிறது. அதைப் பெடலே சொல்லிவிடும். பெடல் ஆழமாகப் போய், கடைசியில் கெட்டியாக நின்றால் ஷூக்கள் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கின்றன, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். மிதிக்கும்போது மெத்தென்று அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்ததும் மேலே வந்தால் பைப்பில் ஏர் புகுந்திருக்கிறது. கெட்டியாக நின்ற பெடல், காலை எடுக்காமல் வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போய்விட்டது. பெடல் ஆழமாகப் போனாலே "ஏர் எடுக்கணும்" என்று சொல்லிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பழைய டிரம் பிரேக் காரில் பெரும்பாலும் குறை ஏரில் இல்லை, அட்ஜஸ்ட்மென்டில்தான்.

மைனரின் அட்ஜஸ்டர்கள் ஆறு. முன்சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று. வீல் கப்பைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால், துளை வழியே அட்ஜஸ்டரின் தலையில் உள்ள வெட்டுக் கோடு தெரியும். நீளமான ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு, ஷூ டிரம்மில் முட்டிச் சக்கரம் சுற்றாத வரை இறுக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு 'கிளிக்' பின்னால் விட வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும், காதை வைத்துக் கேட்டால் லேசான உரசல் மட்டும் கேட்கலாம். முன்சக்கரத்தில் ஒரு அட்ஜஸ்டரை மட்டும் சரிசெய்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றி இரண்டாவதைத் தேடாமல் விட்டவர்கள் ஏராளம். அந்தக் காரில் முன்பக்கப் பிரேக்கில் பாதிதான் வேலை செய்யும். ஆறையும் ஒழுங்காகச் செய்து முடித்தாலே பல மைனர்களின் பெடல் இரண்டு அங்குலம் மேலே வந்துவிடும். காலணா செலவில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே சாம்பல் போலத் தூசி படிந்திருக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுப்பது. கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி, அதை அடியோடு நிறுத்த வேண்டும். முகக் கவசம் அணிந்து, தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் சரி.

டிரம் கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை பல. உள்பரப்பில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ, வட்டம் கெட்டு 'ஓவல்' ஆகியிருந்தாலோ லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பெடல் காலுக்கடியில் துடிப்பது ஓவலுக்கு அடையாளம். கடைவதற்கும் எல்லை உண்டு, மெலிந்த டிரம் வெப்பத்தைத் தாங்காது. லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவிக் காயவைப்பது பலன் தராது. சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். ஷூவை மாற்றத்தான் வேண்டும். மைனரின் பின்சக்கரத்தில் இந்த எண்ணெய், ஆக்ஸிலிலிருந்து சீல் வழியாகக் கசிவது. சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் புது லைனிங்கும் அதே கதிக்கு ஆளாகும்.

புது லைனிங் போட்ட பிறகும் பிரேக் பிடிக்கவில்லை என்ற புகார் அடிக்கடி எழும். கடைந்த டிரம்மின் வளைவும் புது லைனிங்கின் வளைவும் ஒன்றாக இருக்காது. லைனிங்கின் நடுப்பகுதி மட்டும், அல்லது இரு முனைகள் மட்டும் டிரம்மைத் தொடும். டிரம்முக்குள் சாக்பீஸைத் தேய்த்து, ஷூவை வைத்து அசைத்துப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்பது வெள்ளையாகத் தெரிந்துவிடும். பழைய பட்டறைக்காரர்கள் உயர்ந்த இடங்களை அரத்தால் தேய்த்துச் சமன்படுத்திய பிறகுதான் ஷூவைப் பூட்டுவார்கள். இன்று இந்தப் பொறுமை அருகிவிட்டது. வீட்டில் தன் காருக்குத் தானே வேலை செய்பவருக்கு அந்தப் பொறுமைக்கு நேரம் இருக்கிறது. பட்டறையைவிட வீட்டில் நன்றாகச் செய்ய முடிகிற வேலைகளில் இது ஒன்று.

வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் விலக்கிப் பார்க்கும்போது உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு. பிஸ்டனை வெளியே எடுத்து உள்சுவரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடி போல இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது சிலிண்டர்தான். அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுக் கொள்ளலாம். குழி விழுந்த சுவரில் புது ரப்பரைப் போட்டால் சில மாதங்களில் கிழிந்துவிடும். ரப்பரில் சாதாரண கிரீஸோ என்ஜின் ஆயிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது. ஆரம்ப கால பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது. தாவர எண்ணெய் அந்த ரப்பரை ஒன்றும் செய்யாது. ஆனால் பெட்ரோலியத்தில் பிறந்த எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்துவிடும். அவசரத்துக்கு என்று மாஸ்டர் சிலிண்டரில் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், பிறகு அத்தனை ரப்பரையும் ஹோஸையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஹோஸ்கள் ஏமாற்றுக்காரர்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கித் துளை அடைத்திருக்கும். மிதிக்கும்போது அழுத்தம் எப்படியாவது நுழைந்துவிடும். காலை எடுத்ததும் ஆயில் திரும்பி வர வழியில்லாமல் அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே நிற்கும். கார் ஒரு பக்கம் இழுப்பதற்கு ஷூவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து அலுத்துப் போனவர்கள் மூன்று ஹோஸ்களையும் மாற்றியதும் பிரச்சினை தீர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். இரும்புப் பைப்புகள், தரைக்கு அடியில் மண் அப்பும் இடங்களில் துருப்பிடிக்கும். மாற்றுவதானால் செம்பும் நிக்கலும் கலந்த பைப் நல்லது, துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். வெறும் செம்புப் பைப் அதிர்வில் இறுகி வெடிப்பு விடக்கூடியது.

பிரேக் ஆயிலுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளவை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிட அனுமதி உண்டு. மலைப்பாதையில் டிரம் கொதிக்கும்போது ஆயில் ஆவியாகி, பைப்புக்குள் குமிழி உண்டாகி, பெடல் தரையைத் தொடும். இதே ஈரம்தான் சிலிண்டர்களை உள்ளிருந்து துருவாக அரிக்கிறது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றுவது அவசியம். சிலிக்கானில் செய்த டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டையும் கெடுக்காது, ஆண்டு முழுவதும் கொட்டகையில் நிற்கும் கண்காட்சிக் கார்களுக்கு அதில் நன்மை உண்டு. ஆனால் அதில் பெடல் சற்று மெத்தென்று இருக்கும், மற்ற ஆயிலோடு கலக்கவே கூடாது. அடிக்கடி ஓடும் காருக்கு நல்ல டாட் 4-ம், அதை மாற்றும் ஒழுங்கும் போதும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள மைனரில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்க வேண்டும். பிறகு வலது பின்பக்கம், இடது முன்பக்கம், கடைசியில் வலது முன்பக்கம். அந்தந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கும் நிப்பிளில் தெளிவான டியூபைச் சொருகி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் மூழ்கவைக்க வேண்டும். "மிதிங்க" என்றதும் நிப்பிளைத் திறந்து, பெடல் கீழே போனதும் மூடி, "விடுங்க" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியேறிய ஏர் திரும்பி உள்ளே ஓடிவிடும். இந்த வேலையில் கணவன் மனைவிக்குள் சண்டை வருவது இந்த ஒரு நொடித் தாமதத்தால்தான். குமிழி வருவது நின்று, ஆயில் மட்டும் சீராக வரும் வரை தொடர வேண்டும். மைனரின் மாஸ்டர் சிலிண்டரில் கொள்ளும் ஆயில் கொஞ்சம்தான். சில மிதிகளுக்கு ஒருமுறை தரைமூடிக்குள் எட்டிப் பார்த்து நிரப்பாவிட்டால் மேலிருந்து மறுபடி ஏர் புகுந்துவிடும். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற நினைப்பவர்களுக்கு மைனர் ஒரு சோதனை வைக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவ முயன்றால், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நின்று வழி மறிக்கும். டார்ஷன் பாரைத் தளர்த்தாமல் போல்ட் முழுதாக வெளியே வராது. அந்தக் கம்பியில் காரின் எடையைத் தாங்கும் முறுக்கு ஏறியிருக்கிறது என்பதால், கையேடு சொல்லும் வரிசைப்படி சஸ்பென்ஷனைத் தாங்கி, முறுக்கை இறக்கிய பிறகே தொட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் திரும்பப் பூட்டும்போது போல்ட்டைத் திசைமாற்றி, தலை மறுபக்கம் வரும்படி சொருகிவிடுகிறார்கள். அடுத்தமுறை கழற்ற டார்ஷன் பாரைத் தொட வேண்டியதில்லை. அடுத்து அந்தக் காரை வாங்கப்போகிறவர் மனதார நன்றி சொல்வார்.

இவ்வளவும் முடிந்த கார் புதுக் கார் போல நிற்கும். 1948-ன் புதுக் கார் போல. இன்று நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டிகளில் டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன என்பதால், அதற்கு மேலும் ஏதாவது வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் உண்டு.

மைனரைச் செய்தவர்களே முதல் வழியைக் காட்டியிருக்கிறார்கள். 1962-ல் 1098 சிசி என்ஜின் வந்தபோது முன்பக்க டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். பழைய மைனருக்கு அந்த முன்பக்க அமைப்பை அப்படியே மாற்றிப் பூட்டலாம். விட்டம் ஒரு அங்குலம் கூடியதில் பிடிப்பும் கூடுகிறது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பும் கூடுகிறது. காரின் இயல்பும் மாறுவதில்லை.

டிஸ்க் பிரேக் இரண்டாவது வழி. 1953-ல் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது, டிஸ்க்கின் உண்மையான பலம் உலகத்துக்குத் தெரிந்தது. ஒருமுறை வேகமாக நிறுத்துவதைவிட, நூறுமுறை நிறுத்திய பிறகும் முதல்முறை போலவே நிறுத்துவதில் அதன் சிறப்பு இருக்கிறது. காற்றில் திறந்திருக்கும் டிஸ்க் வெப்பத்தை உடனே விட்டுவிடும். மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கும், பெரிய என்ஜின் பூட்டியவர்களுக்கும் இது உண்மையான நன்மை. 1971-ல் வந்த மோரிஸ் மரீனா தன் முன் சஸ்பென்ஷன் அமைப்பை மைனரிடமிருந்து வாங்கிக்கொண்டதால், மரீனாவின் டிஸ்க்குகள் மைனரில் பொருந்தின. பிரிட்டிஷ் ஆர்வலர்கள் நெடுங்காலம் பழைய மரீனாக்களைத் தேடிப் பிடித்தார்கள். இப்போது மைனருக்கென்றே தயாராகும் டிஸ்க் கிட்டுகள் கிடைக்கின்றன.

ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு மற்றதை அப்படியே விட முடியாது. சுழற்சி ஷூவை இழுத்து இறுக்கும் வசதி டிஸ்க்கில் இல்லை, ஆகவே பெடலைப் பலமாக மிதிக்க வேண்டிவரும். காலிப்பர் பிஸ்டன்கள் பெரியவை, கூடுதல் ஆயில் கேட்கும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், காலை எடுத்த பிறகும் பைப்பில் லேசான அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க்கில் அதே அழுத்தம் பேடை உரசவைத்துச் சூடேற்றும். கிட் செய்தவர் இதற்கெல்லாம் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்த்து, அதன்படி சிலிண்டரையும் வால்வையும் மாற்ற வேண்டும். பின்பக்கத்துக்கும் பெரிய பிரேக் போட்டுவிடலாம் என்ற ஆசை ஆபத்தானது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குச் சாய்ந்து பின்சக்கரம் இலேசாகிறது. அது முதலில் பூட்டினால் கார் சுழன்றுவிடும்.

மரையில் ஒரு கண்ணி இருக்கிறது. மைனரின் பைப் நட்டுகள் அங்குல அளவு. இன்றைய பாகங்களின் துளைகள் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. 3/8 அங்குல நட்டு, 10 மி.மீ. துளைக்குள் சுலபமாகப் போகும், இறுகியது போலவும் தோன்றும். அவசரமாக மிதிக்கும் அந்த ஒரு மிதியில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நட்டையும் துளையையும் அளந்து பார்க்காமல் பழையதையும் புதியதையும் சேர்க்கவே கூடாது.

சர்வோ, என்ஜின் இழுக்கும் வெற்றிடத்தைக் கொண்டு காலின் பலத்தைப் பெருக்கித் தருவது. வயதானவர்களுக்கும் கால்வலி உள்ளவர்களுக்கும் பெரிய உதவி. டிஸ்க் போட்டவர்களுக்கும் பொருத்தம். ஆனால் சர்வோ போட்டால் பிரேக்கின் பலம் கூடிவிட்டது என்று நினைப்பது தவறு. ஃபேட் ஆகும் டிரம் சர்வோவோடும் ஃபேட் ஆகும். ஏற்கெனவே தானாக இறுகும் மைனர் டிரம்களுக்குச் சர்வோ சேர்த்தால் மழையில் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும்.

டயருக்கு அடுத்து, பிரேக் அமைப்பில் செய்யும் மேம்பாடுகளில் முதலில் செய்ய வேண்டியது எது என்றால், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர்தான். மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பாதையில் ஆயில் போகிறது. ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு பைப் துருவில் விட்டுப்போனால், நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனிப் பாதை பிரித்த சிலிண்டர் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது சட்டமானது. கண்ணுக்குத் தெரியாத, நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட முடியாத மாற்றம் என்பதால் இதைக் கேட்பவர்கள் குறைவு. மைனருக்கு இதைச் செய்ய சிலிண்டரின் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும், பைப்புகளை மறுபடி போட வேண்டும். வெல்டிங் தேவைப்படும் இந்த வேலையைக் கைதேர்ந்த பட்டறையில் விட்டுவிடுவதே நல்லது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2021-ல் வந்த விதிகளின்படி, 50 வருடம் கடந்த கார்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு வின்டேஜ் பதிவு தரப்படுகிறது. ஷாஸியிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சிலிண்டருக்காக ஷாஸிச் சட்டத்தை வெட்டவோ பற்றவைக்கவோ நினைப்பவர்கள் முதலில் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தினால், பின்னாளில் அசல் நிலைக்குத் திருப்ப முடியும்.

வேலை முடிந்த காரை உடனே மெயின் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. முதலில் நின்ற இடத்திலேயே பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து வர வேண்டும். பிறகு காலியான தெருவில் மெதுவான வேகத்தில் பல தடவை மென்மையாக நிறுத்த வேண்டும். புது லைனிங் டிரம்மோடு படிந்து முழுப் பிடிப்பு வர நூறு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். படிந்ததும் ஷூக்கள் சற்றே தேய்ந்திருக்கும் என்பதால் ஆறு அட்ஜஸ்டர்களையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதன் பிறகு, சில கிலோமீட்டர் பிரேக் பிடித்து ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடலாம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே சூடாக, பின்சக்கரங்கள் இரண்டும் அதைவிடக் குறைவாக, தமக்குள் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது காலை எடுத்த பிறகும் விடவில்லை, அந்தச் சக்கரத்தின் ஹோஸையும் ஷூ ஸ்பிரிங்கையும் முதலில் பார்க்க வேண்டும்.